டமாஸ்கஸ் அன்று கேட்டது அமெரிக்காவை

1919ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, டமாஸ்கஸில் கூடிய சிரியப் பொது மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. துருக்கியரின் ஆட்சி ஒழிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அந்த நிலத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று பிரிட்டனும் பிரான்ஸும் போர் முடியும் முன்பே ரகசியமாகப் பேசி வைத்திருந்தன. மாநாட்டினர் முதலில் கேட்டது முழுச் சுதந்திரம். அதைத் தர முடியாது, ஏதாவது ஒரு வல்லரசின் மேற்பார்வையில்தான் இருந்தாக வேண்டும் என்றால் அது அமெரிக்காவாக இருக்கட்டும், 20 ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அமெரிக்கா மறுத்தால் பிரிட்டன். பிரான்ஸ் எந்த வடிவத்திலும் கூடாது.

அந்தத் தீர்மானம் போய்ச் சேர்ந்தது அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அனுப்பிவைத்த இருவர் கையில். ஒருவர் ஹென்றி கிங், ஓஹையோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் தலைவர். மற்றவர் சார்லஸ் கிரேன், சிகாகோவின் பெரும் பணக்காரர். பாலஸ்தீனம், லெபனான், சிரியா என்று ஊர் ஊராகப் போய் இவர்களின் குழு மனு வாங்கியது. 1,863 மனுக்கள் சேர்ந்தன. அந்நிய மேற்பார்வை வந்தே தீரும் என்றால் அமெரிக்கா வரட்டும் என்பதுதான் அவற்றில் ஓங்கி ஒலித்த குரல்.

அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள் இருந்தன. அரபு மண்ணில் அமெரிக்காவுக்கு ஒரு காலனிகூடக் கிடையாது. எந்த மக்களையும் அவர்கள் விருப்பம் கேட்காமல் ஆளக் கூடாது என்று வில்சன் உலகறியப் பேசியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண அரபுக் குடும்பங்கள் நேரில் பார்த்த அமெரிக்கா ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1866இல் பெய்ரூட்டில் பாதிரியார்கள் தொடங்கிய சிரியப் புராட்டஸ்டன்ட் கல்லூரி அப்போதே அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது. அங்கே படித்தவர்கள் மருத்துவர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் அந்த வட்டாரம் முழுக்கப் பரவியிருந்தார்கள்.

மக்களின் விருப்பத்தை கிங்கும் கிரேனும் நேர்மையாகவே எழுதினார்கள். பாலஸ்தீனத்தில் யூத நாடு அமைக்கும் திட்டத்தைப் பெருமளவு சுருக்க வேண்டும், அங்கே வாழும் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் அதை எதிர்க்கிறார்கள் என்றும் எச்சரித்தார்கள். அறிக்கை அலமாரிக்குள் போனது. 1922 டிசம்பரில் அது அச்சாகி வெளிவந்தபோது காலம் கடந்திருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1920 ஜூலையில், மைசலூனில் சிரியர்களைத் தோற்கடித்து பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்துவிட்டது.

அரபு நாடுகளில் அமெரிக்க வெறுப்பு எப்படி வந்தது என்று விவாதிப்பவர்களில் பலர் இந்த 1919ஐத் தொடுவதே இல்லை. அவர்களுடைய கடிகாரம் 2001 செப்டம்பர் 11 அன்று ஓடத் தொடங்குகிறது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஒன்பதாம் நாள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய ஜார்ஜ் புஷ், நம்மை ஏன் வெறுக்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்பித் தாமே பதிலும் சொன்னார்: நம்முடைய சுதந்திரங்களை வெறுக்கிறார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பறிகொடுத்த ஒரு நாட்டுக்கு அந்த நேரத்தில் ஆறுதல் தந்த பதில் அது. அந்தப் பதிலை நம்பி எடுத்த முடிவுகளுக்கு எத்தனை இராக்கியர்கள் விலை கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் அதை வெறும் மேடைப் பேச்சாகக் கடந்துபோக முடியவில்லை.

புஷ்ஷுக்கு முன்பே இந்த வாதத்துக்கு அறிவுலகத்தில் ஒரு வீடு இருந்தது. பிரின்ஸ்டனின் வரலாற்றாசிரியர் பெர்னார்டு லூயிஸ் 1990இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரை, முஸ்லிம்களின் சினத்தை இந்த அரசின் கொள்கை, அந்த அரசின் கொள்கை என்று விளக்கிவிட முடியாது என்றது. ஒரு காலத்தில் உலகை ஆண்ட நாகரிகம் தோற்றுப்போன அவமானத்தில் அதன் வேரைத் தேடியது. மூன்று ஆண்டுகள் கழித்து சாமுவேல் ஹண்டிங்டன் இதே கருத்தை நாகரிகங்களின் மோதலாக, உலக வரைபடமாகவே விரித்தார்.

இந்தக் கட்சிக்கு உதவும் சாட்சி ஒருவர் உண்டு: சையித் குதுப். எகிப்தின் கல்வித் துறை 1948இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கொலராடோவின் கிரீலி என்ற சிற்றூரில், மது விற்பனைகூட இல்லாத அந்த ஊரில், தேவாலயத்தில் நடந்த நடன நிகழ்ச்சியைப் பார்த்து அருவருப்படைந்தார். பச்சைப் புல்வெளியைப் பராமரிப்பதில் அமெரிக்கர் காட்டும் அக்கறைகூட அவருக்குக் குற்றமாகப் பட்டது. ஊர் திரும்பி அவர் எழுதியவை, 1966இல் எகிப்து அதிபர் நாசரின் அரசு அவரைத் தூக்கிலிட்ட பிறகு, ஜிகாத் இயக்கங்களின் பாடநூல்களாயின. ஆக, அமெரிக்க வாழ்க்கை முறையையே வெறுத்த அரபியர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அதை மறுப்பவர் உண்மை பேசவில்லை.

ஆனால் குதுப்பின் அருவருப்பு கோடிக்கணக்கான மக்களின் மனநிலையா? 2002இல் ஜாக்பி நிறுவனம் அரபு நாடுகளில் கணிப்பு நடத்தியபோது, அமெரிக்க அறிவியல், கல்வி, திரைப்படம், ஏன் அமெரிக்க ஜனநாயகம்கூடப் பலருக்குப் பிடித்தே இருந்தது. பாலஸ்தீனம் என்று கேட்டதும் பதில் தலைகீழானது. அந்த ஆண்டு எகிப்தியரில் 76 சதவீதம் பேர் அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் இல்லை என்றார்கள். 2004இல் அது 98 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் எகிப்தியரின் மதமோ பண்பாடோ மாறிவிடவில்லை. இடையில் நடந்தது இராக் படையெடுப்பும், அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் செய்த சித்திரவதையின் புகைப்படங்களும்.

இதைவிடக் கூர்மையான சான்று துனிசியாவிலிருந்து வந்தது. 2023இல் அரபு பாரோமீட்டர் என்ற ஆய்வமைப்பு அங்கே கருத்துக் கணிப்பு நடத்திக்கொண்டிருந்தது. பாதி வேலை முடிந்த நேரத்தில் அக்டோபர் 7 வந்தது. ஹமாஸின் தாக்குதல், தொடர்ந்து காசா மீது இஸ்ரேலின் குண்டுமழை. ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றவில்லை, தொடர்ந்து கேட்டார்கள். கணிப்பின் தொடக்கத்தில் 40 சதவீத துனிசியருக்கு அமெரிக்கா மீது நல்லெண்ணம் இருந்தது. அக்டோபர் 27ஆம் தேதி அது 10 சதவீதம். இருபது நாளில் எந்த நாகரிகமும் இன்னொரு நாகரிகத்தோடு புதிதாக மோதிவிடாது. வீட்டுத் தொலைக்காட்சியில் இடிபாடுகளையும், பக்கத்திலேயே ஆயுதம் அனுப்புவதாக வாக்களிக்கும் வாஷிங்டனையும் மக்கள் பார்த்தார்கள்.

பாலஸ்தீனக் கணக்கு எங்கே தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 1945 பிப்ரவரி 14 அன்று சூயஸ் கால்வாயின் பெரிய கசப்பு ஏரியில் நின்ற குவின்சி என்ற போர்க்கப்பலில் அதிபர் ரூஸ்வெல்ட்டும் சவுதி மன்னர் இப்னு சவூதும் சந்தித்தார்கள். ஐரோப்பிய யூதர்களின் துயரத்தைச் சொல்லி உதவி கேட்டார் ரூஸ்வெல்ட். கொடுமை செய்தவர்கள் ஜெர்மானியர், ஈடு கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே, அரபியர் செய்த குற்றம் என்ன என்பது மன்னரின் பதில். அரபியருக்குப் பாதகமாக எதையும் செய்ய மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் ஏப்ரல் 5 தேதியிட்ட கடிதத்தில் உறுதி எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் இறந்துபோனார். 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிறந்த 11ஆம் நிமிடத்தில் அதை அங்கீகரித்தார் அடுத்த அதிபர் ட்ரூமன். இஸ்ரேலின் பிறப்பைச் சுற்றி நடந்த போரில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர் வீடிழந்து அகதிகளானார்கள்.

அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. 1956இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்க அதிபர் ஐசனோவர் தம் கூட்டாளிகள் என்று பார்க்கவில்லை. பவுண்டு சரிந்துகொண்டிருந்த வேளையில் பிரிட்டனுக்குப் பண உதவி செய்ய மறுத்து அதைப் பின்வாங்க வைத்தார். இஸ்ரேல் 1957 மார்ச்சில் சினாயையும் காசாவையும் விட்டு வெளியேறியது. அந்தச் சில மாதங்கள் அமெரிக்காவின் பெயர் கெய்ரோவில் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டது.

அதே ஐசனோவர் 1958இல் தம் அதிகாரிகளிடம் வருத்தப்பட்டார்: அரபு அரசுகள் நம்மை வெறுக்கவில்லை, மக்கள் வெறுக்கிறார்கள் என்று. அவருடைய தேசியப் பாதுகாப்புக் குழு அதே ஆண்டு எழுதிய ஆவணத்தில் விளக்கமும் இருந்தது. எண்ணெய் நலனைக் காப்பதற்காக அமெரிக்கா பழைய ஆட்சிகளைத் தாங்கிப் பிடிக்கிறது, அரசியல் பொருளாதார முன்னேற்றத்தை எதிர்க்கிறது என்று பெரும்பாலான அரபியர் நம்புகிறார்கள் என்பதே அது. வெள்ளை மாளிகையின் கோப்பிலேயே இருந்த பதில். 2004இல் பென்டகனுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் வாரியமும், முஸ்லிம்கள் வெறுப்பது நம் சுதந்திரத்தை அன்று, நம் கொள்கைகளை என்று வெளிப்படையாகவே எழுதியது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது. பேரி ரூபின் 2002இல் ஃபாரின் அஃபேர்ஸ் இதழிலும், லெபனானில் பிறந்த ஃபுவாத் அஜமி அடுத்த ஆண்டு ஃபாரின் பாலிசி இதழிலும் எழுதினார்கள். அரபு ஆட்சியாளர்கள் தம் தோல்விகளை மறைக்க அமெரிக்காவைத் திட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மக்களும் ஒரு கையால் விசா விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு மறு கையால் கொடியை எரிக்கிறார்கள் என்பது இவர்கள் தரப்பு. லிசா பிளேட்ஸ், ட்ரூ லின்சர் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு வலு சேர்த்தது. மதச்சார்பற்ற அரசியல்வாதிகளும் இஸ்லாமியவாதிகளும் வாக்குக்காகக் கடுமையாகப் போட்டியிடும் நாடுகளில்தான் அமெரிக்க எதிர்ப்பு கூடுதலாக இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

2013இல் கெய்ரோவில் இது கண்முன்னே நடந்தது. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்த அதிபர் முர்சியை எதிர்த்தவர்கள் அமெரிக்கத் தூதர் ஆன் பேட்டர்சனின் படத்தில் சிவப்புக் கோடு போட்டு ஏந்தி வந்தார்கள். முஸ்லிம் சகோதரத்துவத்துக்கு அவர் துணைபோகிறார் என்று. ஜூலை 3 அன்று ராணுவம் முர்சியைக் கவிழ்த்த பிறகு, அதற்குப் பின்னால் இருப்பது அமெரிக்கா என்றார்கள் சகோதரத்துவக் கட்சியினர். இரு தரப்புக்கும் வேண்டிய வில்லன் ஒருவரே. ராணுவ ஆதரவுப் பத்திரிகைகள் அந்த வெறுப்பை நாள்தோறும் வளர்த்தன. அதே ராணுவம் ஆண்டுதோறும் 130 கோடி டாலர் அமெரிக்க உதவியை வாங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் அஜமியின் வாதம் தன் காலையே தட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். வெறுப்பைத் தூண்டும் அந்த ஆட்சியாளர்களைத் தாங்கி நிற்பது யார்? 2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கத்துக்கு வந்த இளைஞர்கள், தங்கள் மேல் விழுந்த கண்ணீர்ப் புகைக் குண்டுகளின் காலி உருளைகளை எடுத்துப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்று அவற்றில் அச்சாகியிருந்தது. ஜனநாயகம் பேசும் நாடு தங்கள் சர்வாதிகாரிக்கு ஆயுதம் தருகிறது என்பதை அவர்களுக்கு எந்தத் தொலைக்காட்சியும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விசா கேட்பதும் முரண்பாடு ஆகாது. அமெரிக்கா தன் குடிமக்களுக்குத் தரும் உரிமையை நாடிப் போகிறார்கள். அதையே தங்கள் ஊரில் கேட்டால் தடியடி கிடைப்பதற்குக் கோபப்படுகிறார்கள்.

இராக்கைப் பற்றிப் பேசாமல் இது முழுமையாகாது. 1990 ஆகஸ்டில் விதித்த பொருளாதாரத் தடை 2003 வரை நீடித்தது. மருந்துக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் தட்டுப்பாடு. மனிதாபிமான உதவிக்குப் பொறுப்பாக ஐ.நா. அமர்த்திய டெனிஸ் ஹாலிடே தடையைக் கண்டித்து 1998இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்பானெக் 2000இல் விலகினார். 1996இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாகச் சொல்கிறார்களே, இந்த விலை தகுமா என்று கேட்டபோது, தகும் என்று பதிலளித்தார் அப்போது ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட். அந்த எண்ணிக்கை இராக் அதிபர் சதாம் உசேனின் அரசு ஊதிப் பெருக்கியது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆல்பிரைட்டும் அந்தப் பதிலுக்காகத் தம் நினைவுக் குறிப்பில் வருந்தினார். ஆனால் கேமரா முன் வந்த அந்தச் சொல் அரபு வீடுகளில் இன்றும் மறக்கப்படவில்லை. 1991இல், இராக்கின் பிடியிலிருந்து விடுபட்ட குவைத்தின் தெருக்களில் அமெரிக்கப் படைகளை மக்கள் கண்ணீரோடு வரவேற்றதும் உண்மை. அவர்களும் அரபியர், அவர்களும் முஸ்லிம்கள். தங்கள் நாட்டை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி சொன்னார்கள்.

கொள்கைதான் காரணம் என்று நம்பும் என்னைப் போன்றவர்களை உலுக்கும் ஒரு பெயர் மால்கம் கெர். 1931இல் பெய்ரூட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்மீனிய அகதிகளுக்கு உதவ வந்து, பிறகு பழைய சிரியப் புராட்டஸ்டன்ட் கல்லூரியான பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மகன் அரபு அரசியலை ஆழ்ந்து படித்து, நாசர் காலத்து அரபு நாடுகளின் உட்பகையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. 1982இல், இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்து பெய்ரூட் எரிந்துகொண்டிருந்த ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியை ஏற்றார். அவருக்கு முன் தற்காலிகத் தலைவராக இருந்த டேவிட் டாட்ஜ் கடத்தப்பட்டிருந்தார் என்று தெரிந்தேதான் வந்தார்.

1983 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் லெபனான் மலைகள் மீது குண்டு வீசின. சமாதானப் படையாக வந்தவர்கள் உள்நாட்டுப் போரில் ஒரு கட்சியாகிவிட்டார்கள் என்று பலர் கருதினார்கள். அக்டோபர் 23 அன்று பெய்ரூட் விமான நிலையத்தருகே இருந்த முகாமில் வெடிமருந்து லாரி மோதி 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். 1984 ஜனவரி 18 காலையில், காலேஜ் ஹால் கட்டடத்தில் தம் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கெர்ரைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 52. இஸ்லாமிய ஜிகாத் என்ற பெயரில் ஒருவர் தொலைபேசியில் பொறுப்பேற்றார்.

கெர் கப்பலிலிருந்து குண்டு வீசியவர் இல்லை. அமெரிக்கக் கொள்கையின் தவறுகளைப் பெரும்பாலான அரபியரைவிட நன்றாக அறிந்தவர், கண்டித்தவர். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்று சொல்வதற்கும், அந்தக் கோபத்தின் பெயரால் செய்யப்பட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் கற்பிப்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட்டாக வேண்டும். கெர்ரின் உடல் விழுந்த இடத்தில் அந்தக் கோட்டைப் போடுவேன். அந்தக் கொலையால் அமெரிக்காவின் கொள்கை ஒரு மயிரிழைகூட மாறவில்லை. 1919இல் டமாஸ்கஸுக்கு நம்பிக்கை தந்த அந்தக் கல்லூரிதான் தன் தலைவரை இழந்தது. தங்களுக்காக வாழ்ந்த ஒருவரைப் பறிகொடுத்ததில் லெபனான் மாணவர்களுக்கு ஏற்பட்ட நட்டம் பெரிது.

செப்டம்பர் 11க்குப் பின் வாஷிங்டன் தேடிய வைத்தியம் விளம்பரம். சார்லட் பீர்ஸ் என்ற விளம்பரத் துறைப் பெண்மணியை வெளியுறவுத் துறையில் அமர்த்தினார்கள். அமெரிக்காவில் முஸ்லிம்கள் எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று காட்டும் குறும்படங்கள் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் தயாராயின. எகிப்தும் லெபனானும் அவற்றை ஒளிபரப்ப மறுத்தன. பிறகு அல் ஹுர்ரா என்ற அரபுத் தொலைக்காட்சி. அமெரிக்காவில் முஸ்லிம்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கெய்ரோவில் யாரும் கேட்கவில்லை. ரமல்லாவிலும் பாக்தாதிலும் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். ஒபாமா 2009 ஜூனில் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பேசியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பேச்சில் அவர் வலியுறுத்தியபடி இஸ்ரேலியக் குடியேற்றங்கள் நிற்கவில்லை. கைதட்டியவர்கள் பிறகு ஏமாந்தவர்களில் முதல் வரிசையில் இருந்தார்கள்.

இப்போதைய கோபம் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் இஸ்ரேலிலுள்ள மெக்டொனால்ட்ஸ் கிளைகள் ராணுவ வீரர்களுக்கு இலவச உணவு கொடுத்த செய்தி பரவியதும், அரபு நாடுகளில் அதன் உரிமம் பெற்று நடத்துபவர்கள் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டு காசாவுக்கு நன்கொடை அறிவித்தார்கள். எகிப்தில் மறந்துபோயிருந்த ஸ்பைரோ ஸ்பாத்திஸ் சோடாவுக்கு மறுவாழ்வு வந்தது. புறக்கணிப்பின் அடி உள்ளூர்க்காரர் மேலும் விழுந்தது. மத்திய கிழக்கில் ஸ்டார்பக்ஸ் கடைகளை நடத்தும் குவைத்தின் அல்ஷாயா குழுமம் 2024 மார்ச்சில் சுமார் 2,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. வேறு எந்த வழியிலும் தம் எதிர்ப்பைத் தெரிவிக்க முடியாத நாடுகளில், காசு கொடுக்க மறுப்பதே மக்களுக்கு மிஞ்சிய வாக்குச்சீட்டு.

காசா போரில் அமெரிக்கா ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்களைத் திரும்பத் திரும்ப வீட்டோ செய்தது. 2024 பிப்ரவரி 20 அன்று 13 நாடுகள் ஆதரித்தன, பிரிட்டன் விலகி நின்றது, எதிர்த்து உயர்ந்த ஒரே கை அமெரிக்காவுடையது. ஜோர்டானில் 2022இல் 51 சதவீதமாக இருந்த நல்லெண்ணம், போர் தொடங்கிய சில மாதங்களில் 28 ஆனது. அமெரிக்காவிடம் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் உதவி பெறும் நாடு அது. பணம் இந்த மனக்கணக்கில் பெரிதாகச் சேராது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2024 வசந்தத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மாணவர்கள் கூடாரமடித்துப் போராடிக் கைதானபோது, காசாவின் ராஃபாவில் அகதிகள் தங்கள் கூடாரத் துணியில் அந்த மாணவர்களுக்கு நன்றி எழுதி வைத்தார்கள். வீடிழந்து பசியில் கிடந்தவர்களால்கூட அமெரிக்க மக்களையும் அமெரிக்க அரசையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

கொள்கை மாறினால் வெறுப்பு குறையுமா என்ற கேள்விக்குச் சோதனைகள் மிகக் குறைவு. 1957இல் ஐசனோவர் ஒன்றைச் செய்து காட்டினார். 1991இல் மூத்த புஷ், குடியேற்றங்களைக் காரணம் காட்டி இஸ்ரேலுக்கான 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தார். 2024 மே மாதம் ராஃபா தாக்குதலை முன்னிட்டு பைடன் 2,000 பவுண்டு எடையுள்ள குண்டுகளின் ஒரு தொகுதியை மட்டும் அனுப்பாமல் வைத்தார். மற்ற ஆயுதங்கள் போய்க்கொண்டிருந்தன. 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற ட்ரம்ப், முதல் வாரத்திலேயே அந்தக் குண்டுகளையும் அனுப்ப உத்தரவிட்டார்.